பாலிஷ் போட்ட கன்னம்

"இன்னிக்கும் வேண்டாம்மா," என்றார் குழந்தைகள் காப்பகத்து டீச்சர். கதவை முழுதாகத் திறக்கவில்லை. தன் முகம் வெளியே தெரிகிற அளவுக்குத்தான் திறந்திருந்தார்.

"டீச்சர், நேத்தைக்கு இன்னிக்குக் குறைஞ்சிருக்கு. வெளிச்சத்துல பாருங்களேன்."

"வெளிச்சத்துலதாம்மா பாக்குறேன். முதல்ல மூக்குக்குக் கீழ ஒண்ணுதான் இருந்துச்சு. இப்ப உதட்டோரத்துல ஒண்ணு, கன்னத்துல ஒண்ணு. இதுக்குப் பேரு குறையிறதா?"

அம்மாவின் இடுப்பில் இருந்த குழந்தை, தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று தெரிந்துகொண்டு முகத்தை இன்னும் நன்றாகத் தூக்கிக் காட்டியது. வீட்டில் அதற்கு வாலு என்று பேர். மூக்குக்குக் கீழே தேன் சிந்திக் காய்ந்தது மாதிரி மஞ்சளாக ஒரு பொருக்கு. அதன் ஓரத்தில் ஈரம்.

"மருந்து போடுறோம் டீச்சர். மூணு வேளையும் போடுறோம்."

"போடுங்க, யாரு வேண்டாம்னா? ஆனா இங்க ஒரே பொம்மையை எல்லாக் குழந்தையும் நக்குது. நாளைக்கு எல்லா மூஞ்சியிலயும் இது வந்து நின்னா, பதில் சொல்ல வேண்டியது நான். கோச்சுக்காதீங்க. நல்லாக் காயட்டும். ஈரம் இருக்கக் கூடாது, பொருக்கு இருக்கக் கூடாது. திங்கக்கிழமை கூட்டிட்டு வாங்க, பாக்கலாம்."

"பாக்கலாம்னா?"

"பாக்கலாம்னா பாக்கலாம்தான்."

கதவு மூடிக்கொண்டது. திங்கட்கிழமைதான் அவளுக்குச் சாலைத் தேர்வு. நகரப் பேருந்து ஓட்டுவதற்கு மாதக்கணக்கில் பயிற்சி எடுத்து, கை காய்த்துப்போய், இப்போதுதான் அந்த நாள் வந்திருக்கிறது. தவறவிட்டால் அடுத்த குழு எப்போது என்று யாருக்கும் தெரியாது. பயிற்சியாளர் அதை ஒளித்துப் பேசவில்லை: "வரலைன்னா பேரை எடுத்துருவாங்கம்மா. அப்புறம் என்கிட்ட வந்து அழக் கூடாது." வீட்டில் மட்டும், ஸ்டீயரிங்கைத் தொட்ட அன்றைக்கே அவளுக்கு டிரைவரம்மா என்று பட்டம் கொடுத்துவிட்டார்கள்.

இந்த வாரம் எப்படியோ ஓடுகிறது. மாமனார் மேஜை நாற்காலிகளுக்குப் பாலிஷ் போடுகிறவர். பட்டறைக்குப் போகாமல் பேத்தியைப் பார்த்துக்கொள்கிறார். ஆனால் திங்கட்கிழமை ஒரு பெரிய சாப்பாட்டு மேஜைக்குக் கடைசிப் பூச்சுப் போட்டாக வேண்டும் அவர். பட்டறை முதலாளி பல்லைக் கடிப்பது போனிலேயே கேட்டது. கணவனுக்குத் தண்ணீர் பம்ப் நிலையத்தில் காலை ஷிப்ட். விடிவதற்குள் கிளம்பி, மத்தியானத்துக்கு மேல்தான் வருவான். காப்பகம் சேர்த்துக்கொள்ளாவிட்டால் அன்றைக்கு வாலை எங்கே விடுவது? டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கட்டிப்போடவா முடியும்?

பயிற்சியாளருக்குப் போன் செய்து தாமதமாக வருவேன் என்று சொல்லி, வாங்கவேண்டிய வசவை வாங்கிக்கொண்டு, நேராக டாக்டரிடம் போனாள்.

"ஆயின்மென்ட் போடுறீங்களா?" என்றார் டாக்டர்.

"போடுறோம் டாக்டர்."

"பொருக்கை எடுத்துட்டுப் போடுறீங்களா, மேலயேவா?"

"வெதுவெதுன்னு சோப்புத் தண்ணில ஊறவெச்சு, மெதுவா எடுத்துட்டு, சுத்தமான துணியில ஒத்திட்டு, மெல்லிசாத் தடவுறேன். நீங்க சொன்ன மாதிரியேதான். ட்யூப் வாயைப் புண்ணுல படவிடுறதில்ல. முன்னாடியும் பின்னாடியும் கை கழுவுறேன். நகம் வெட்டியாச்சு. துண்டு தனி."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "மேல்தோல்ல வர்ற சாதாரண பாக்டீரியா புண்ணு இது. இப்படிப் போட்டா இதுக்குள்ள அடங்கியிருக்கணுமே."

"அதைத்தானே நானும் கேக்குறேன்!"

"மூணு வேளையும் நீங்களேவா போடுறீங்க?"

"காலையில நான். மத்தியானம் மாமனார். சாயங்காலம் வீட்டுக்காரர். நான் வகுப்பு முடிஞ்சு வர்றதுக்குள்ள இது தூங்கிடும்."

"அந்த ரெண்டு வேளையும் போடுறாங்களா?"

"ஆச்சான்னு கேப்பேன். எல்லாம் பாத்துக்குறோம்னு சொல்லுவாங்க."

"ம்," என்றார் டாக்டர். அந்த 'ம்' அவளுக்குப் பிடிக்கவேயில்லை. "வெள்ளிக்கிழமை கூட்டிட்டு வாங்க. அப்பவும் பரவிட்டே இருந்தா, குடிக்கிற மருந்துதான் கொடுக்கணும். அதுவரைக்கும் இதையே ஒழுங்காப் போடுங்க."

ஒழுங்காப் போடுங்க! வழி பூராவும் அந்தச் சொல்லை மென்றுகொண்டே வந்தாள். தன்னைவிட ஒழுங்காக இந்த ஊரில் யார் போட்டுவிடப் போகிறார்கள்?

வீட்டில் வாலை மாமனாரிடம் கொடுக்கும்போது கேட்டாள்: "மாமா, மத்தியானம் அந்த ஆயின்மென்ட்..."

"அதெல்லாம் சுத்தமாப் பாத்துக்குறேம்மா. நீ போயி வண்டியைப் பாரு."

மறுநாள் வியாழக்கிழமை பயிற்சி வண்டியில் பிரேக் கோளாறு. எல்லாரையும் மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். மூன்று மாடி ஏறி, தன் சாவியால் கதவைத் திறந்தாள். உள்ளே மாமனாரின் குரல், பட்டறையில் வேலை பார்க்கும்போது வருமே, அந்த இழுவையான குரல்.

"கண்ணை மூடிக்கோ. இந்தா... இந்தா... அவ்வளவுதான். உங்கம்மா காலையில பூசிட்டுப் போனது இன்னும் பசபசன்னு நிக்குது பாரு. ஊருத் தூசியெல்லாம் இதுலதானே வந்து ஒக்காரும்? அந்தப் பக்கம் காட்டு. ஆங். இப்ப பாரு, பளிச்!"

வாலு மேஜை மேல் உட்கார்ந்திருந்தது. மாமனார் தோளில் எப்போதும் கிடக்குமே ஒரு பழைய மெல்லிய துணி, அதை உள்ளங்கையில் உருட்டிப் பிடித்துக்கொண்டு, வட்ட வட்டமாகத் துடைத்துக்கொண்டிருந்தார். முதலில் மூக்குக்குக் கீழே. அங்கிருந்து உதட்டோரம். அங்கிருந்து கன்னம். அப்புறம், ஒரு புண்ணும் இல்லாத மறுகன்னம். விட்டுவிட்டால் நன்றாக இருக்காதே என்று நெற்றிக்கும் ஒரு சுற்று.

"மாமா!"

"வந்துட்டியா? என்னம்மா, வண்டி ஓடலையா?"

"என்ன பண்றீங்க?"

"தொடைக்கிறேன்."

"எதை?"

"மேல நிக்கிற பிசுக்கை."

"அது பிசுக்கு இல்ல மாமா! மருந்து!"

"மருந்துதான். இல்லன்னா சொன்னேன்? உள்ள இறங்க வேண்டியது இறங்கிருச்சு. மேல நிக்கிறது மிச்சம். மிச்சத்தைத் தொடைச்சு எடுத்தாத்தான் அடுத்த பூச்சு பிடிக்கும்."

"சரி, அடுத்த பூச்சு எங்க?"

"காய வேண்டாமா? காஞ்சதும் சாயங்காலம் அவன் வந்து பூசுவான்."

"அப்ப மத்தியானம் நீங்க போடுறதே இல்லையா?"

"ஏம்மா, ஈரத்து மேல யாராவது பூசுவாங்களா? உப்பிக்கிட்டு வந்துராது?"

"மாமா, அது மேஜை. இது மூஞ்சி."

"மேஜைக்கே இவ்வளவு பாக்குறேன். பேத்தி மூஞ்சிக்குப் பாக்கமாட்டேனா?"

சுவரில் முட்டிக்கொள்ளலாம் என்று பார்த்தாள். அதையும் அவர் அழகாகத் துடைத்து வைத்திருந்தார்.

"தினமும் இப்படித்தானா?"

"பாத்துக்குறேன்னு சொன்னேன்ல. ஒரு நாள் விட்டதில்ல," என்றார் மாமனார் பெருமையாக.

"இதே துணியாலயா?"

"பழகின துணிம்மா. புதுத்துணின்னா கீறும்."

"மூக்குக்குக் கீழ தொடைச்ச துணியாலயே கன்னத்தையும் தொடைச்சா, அங்க இருக்கறது இங்க வராம என்ன பண்ணும்? நீங்கதான் மாமா அதைக் கூட்டிட்டுப் போயி வீடு வீடா விட்டிருக்கீங்க!"

மாமனார் துணியைப் பார்த்தார். மடித்துப் பிடித்து மறுபக்கத்தையும் பார்த்தார். கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை என்பதால் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்போதுதான் அவள் கவனித்தாள், அவருடைய மூக்கின் ஓரத்திலும் மஞ்சளாகச் சின்னதாக ஒன்று.

"உங்க மூக்குல என்ன?"

"இதுவா? ஷேவ் பண்ணும்போது கீறிருச்சு."

"மூக்குலயா ஷேவ் பண்ணுவீங்க?"

"வேர்த்துச்சும்மா. தொடைச்சேன். லேசா எரிஞ்சுது."

"எதால தொடைச்சீங்க?"

மாமனார் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"துணியால!" என்றது வாலு, மேஜை மேலிருந்து.

கணவன் வருகிற நேரத்துக்கு அவள் கதவுக்குப் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அவன் வழக்கம்போல ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு, பூனை மாதிரி வந்தான். அவளைப் பார்த்ததும் ஒரு ஷூ கைநழுவி விழுந்தது.

"என்ன டிரைவரம்மா, சீக்கிரமே..."

"சாயங்காலம் வாலுக்கு ஆயின்மென்ட் போடுறீங்களா?"

"போடுறேனே."

"தினமுமா?"

"தேவைப்பட்டா."

"தேவைப்பட்டான்னா என்ன அர்த்தம்? அது என்ன பவுடரா, சென்ட்டா?"

"இல்ல, நான் வரும்போதெல்லாம் அது மூஞ்சி பளபளன்னு இருக்கும். அப்பா இப்பத்தான் போட்டிருக்காருபோலன்னு விட்டுடுவேன். மேல மேல போட்டாலும் ஆகாதில்ல?"

"பளபளன்னு இருந்தது உங்க அப்பா போட்ட பாலிஷ்! அது போகட்டும். நீங்களும் போடல, அவரும் போடல. அப்புறம் ட்யூப் எப்படிப் பாதி காலியாச்சு?"

கணவன் தன் குதிகாலைப் பார்த்தான். பிறகு கூரையைப் பார்த்தான். "ஷூ கடிச்சிருச்சு."

"ஷூ கடிச்சதுக்கு பாதி ட்யூபா?"

"கொசு கடிச்சதுக்கும் கொஞ்சம். அப்புறம் தொடையில ஒரு படை மாதிரி..."

"படைக்கு இது கேக்காதுங்க! அது வேற, இது வேற. டாக்டர் இதைக் குழந்தைக்குன்னு கொடுத்தாரு, இந்தப் புண்ணுக்குன்னு கொடுத்தாரு."

"ஆன்டிபயாட்டிக்தானே, எல்லாத்துக்கும் நல்லதாச்சேன்னு..."

"அப்படியா? அப்ப பல்லும் அதுலயே வெளக்குங்க."

சமையலறையில் மாமனார் கனைத்தார். அவருடைய துணி அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. ஏதோ தன்னையே கொதிக்கப் போட்டிருப்பது மாதிரி அதன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

அவள் விடவில்லை. "ஒண்ணு கேக்குறேன். உங்க பம்ப் நிலையத்துல ஷிப்ட் மாறும்போது என்ன பண்ணுவீங்க?"

"இப்ப எதுக்கு அது?"

"சொல்லுங்க."

"அடுத்த ஆள் வந்ததும் கூட நடந்து போயிக் காட்டணும். எந்த பம்ப் ஓடுது, எந்த வால்வு மூடியிருக்கு, எதைத் தொடக் கூடாதுன்னு வாயால சொல்லணும். அவன் அதைத் திருப்பிச் சொல்லணும். சொன்னாத்தான் நாம நாற்காலியை விட்டே எழுந்திருக்கலாம். ஒரு தடவை ஒருத்தன் சொல்லாம போயிட்டான். அவன் மூடிட்டான்னு இவன் நெனச்சு, இவன் மூடிட்டான்னு அவன் நெனச்சு, தெரு பூரா தண்ணி..."

அவனாகவே நிறுத்திக்கொண்டான்.

"இங்க?" என்றாள் அவள்.

"இங்க... ஷூவைக் கையில எடுத்துட்டு வர்றேன். குழந்தை தூங்குமேன்னு."

"தண்ணிக்கு இருக்கிற மரியாதை உங்க பொண்ணுக்கு இல்ல."

"நல்லாக் கேளும்மா," என்றார் மாமனார் உள்ளேயிருந்து.

"உங்களுக்கும் சேத்துத்தான் மாமா!"

அன்றிலிருந்து வீடு பம்ப் நிலையமாகிவிட்டது. காலையில் அவள் கிளம்புமுன் மாமனாரை எழுப்பி, வாலை முன்னால் நிறுத்தி ஒப்படைத்தாள்.

"பொருக்கு எடுத்தாச்சு. மூணு இடத்துலயும் போட்டாச்சு. தொடைக்கக் கூடாது. மத்தியானம் கையைக் கழுவிட்டு நீங்க போடணும். சொல்லுங்க."

"பொருக்கு எடுத்தாச்சு. போட்டாச்சு. தொடைக்கக் கூடாது. ஏம்மா, இந்த வயசுல என்னைப் பள்ளிக்கூடத்துல சேத்திருக்கியா?"

"கையைக் கழுவுறதை விட்டுட்டீங்க. முதல்லேர்ந்து சொல்லுங்க."

வெள்ளிக்கிழமை டாக்டர் வாலின் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புதிதாக எதுவும் வரவில்லை. ஓரங்களில் ஈரம் சுருங்கியிருந்தது. "இப்ப வழிக்கு வருது. குடிக்கிற மருந்து வேண்டாம்," என்றவர், பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமனாரைப் பார்த்தார். "ஐயாவுக்குத் தனி ட்யூப் எழுதுறேன். இதுலேர்ந்து அது, அதுலேர்ந்து இதுன்னு கலக்கக் கூடாது."

மாமனார் பட்ட பாடு அன்றைக்குத்தான் ஆரம்பித்தது. மூக்கின் மேல் களிம்பு மினுமினுக்க, அதைத் துடைக்கக் கூடாது என்றால் அவர் எங்கே போவார்? கையைப் பிசைந்தார். எழுந்து நடந்தார். கண்ணாடியில் பார்த்தார். கடைசியில் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

"கை துடிக்குதும்மா. பிசுக்கைப் பாத்துக்கிட்டு எப்படிச் சும்மா இருக்கிறது?"

"பாக்காதீங்க."

"என் மூக்கு, என் கண்ணுக்குத் தெரியுதேம்மா!"

"தாத்தா, தொடாதே!" என்றது வாலு. அதற்கு நல்ல வேலை கிடைத்துவிட்டது.

சனிக்கிழமை பொருக்கு உதிர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை மூன்று இடமும் நன்றாகக் காய்ந்து, தோல் இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. உடனே கணவன் ட்யூபின் மூடியைத் திருகி அலமாரியில் வைக்கப் போனான்.

"எங்க கொண்டு போறீங்க?"

"அதான் சரியாயிருச்சே. மிச்சத்தை வெச்சிருந்தா அடுத்த தடவைக்கு ஆகும்."

"அடுத்த தடவை யாரை ஷூ கடிக்கப் போகுது?"

"இல்லம்மா, நிஜமாவே காஞ்சிருச்சு. பாரு."

"தொட்டி முக்கால் நிரம்பினதும் பம்பை நிறுத்திருவீங்களா?"

"எப்படி நிறுத்த முடியும்? மேட்டுத் தெருவுக்கு ஏறாதே."

"அப்ப டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் போடணும். பாக்குறதுக்கு நல்லாயிருக்குன்னு நிறுத்துனா மறுபடி கிளம்பும். கொண்டாங்க இங்க."

கணவன் கொண்டுவந்து கொடுத்தான். "நீ பஸ் ஓட்டுறதுக்கு முன்னாடியே எங்களை ஓட்டக் கத்துக்கிட்டே," என்றான்.

திங்கட்கிழமை காலை அவள் சீருடையில் காப்பகத்து வாசலில் நின்றாள். இடுப்பில் வாலு. பின்னால் மாமனார், அதே வழியாகப் பட்டறைக்குப் போகிறேன் என்று கூடவே வந்துவிட்டார். மணியை அடித்தாள். உள்ளே செருப்புச் சத்தம் நெருங்கியது.

அப்போது பார்த்து வெயில் வாலின் முகத்தில் விழுந்தது. மேலுதட்டில் காலையில் குடித்த பால் ஒரு கோடாக மின்னியது. மாமனாரின் கை தானாகத் தோளுக்குப் போனது. துணி வந்தது. உள்ளங்கையில் உருண்டது.

"மாமா!"

அவள் போட்ட கத்தலில் கதவைத் திறந்த டீச்சர் மறுபடி பாதி மூடிக்கொண்டார்.

"பாலும்மா! வெறும் பாலு! நேத்துக் கொதிக்கவெச்ச துணிம்மா இது!"

"பாலா இருந்தாலும் நீங்க தொட வேண்டாம். உள்ள வைங்க அதை."

பையிலிருந்து சுத்தமான துண்டை எடுத்து அவளே பாலை ஒற்றினாள். டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். மூக்குக்குக் கீழே பார்த்தார். உதட்டோரம் பார்த்தார். கன்னத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். தெருமுனையில் ஏதோ ஒரு பேருந்து ஹாரன் அடித்தது. தன்னைத்தான் கூப்பிடுகிறார்களோ என்றிருந்தது அவளுக்கு.

"இது ஏன் சிவப்பா இருக்கு?"

"புதுத் தோல் டீச்சர். கொஞ்ச நாள்ல நிறம் வந்துரும்னு டாக்டர் சொன்னாரு."

"ஈரம் இல்ல," என்றார் டீச்சர், தனக்குத்தானே. "பொருக்கும் இல்ல." நிமிர்ந்தவர் பின்னால் பார்த்தார். "ஐயா, உங்க மூக்குல என்ன?"

"இதுவும் காஞ்சிருச்சு," என்றார் மாமனார் அவசரமாக.

"இருக்கட்டும். நீங்க உள்ள வர வேண்டாம். குழந்தையைக் கொடுங்க."

வாலு கை மாறியது. அவள் நகரவில்லை.

"இன்னும் என்னம்மா?"

"காலையில போட்டாச்சு டீச்சர். மத்தியானம் வீட்டுக்காரர் வந்து கூட்டிட்டுப் போயி வீட்டுல போடுவாரு. நீங்க எதுவும் போட வேண்டாம். மூஞ்சியைத் தொடைக்கவும் வேண்டாம். கழுவணும்னா கழுவி, பையில இருக்கற துண்டால ஒத்தி எடுங்க. அது இவளுக்கு மட்டும்தான். திருப்பிச் சொல்லுங்க."

"என்னது?"

"திருப்பிச் சொல்லுங்க டீச்சர்."

டீச்சர் மாமனாரைப் பார்த்தார். "சொல்லிருங்கம்மா," என்றார் அவர். "சொல்லாம நகராது அது."

டீச்சர் சொன்னார். ஒன்றுகூட விடவில்லை. "போதுமா? போங்க. பஸ் போயிரப் போகுது."

"நான் போனாத்தான் டீச்சர் பஸ் போகும்," என்று சொல்லிக்கொண்டே படியிறங்கி ஓடினாள்.

பணிமனையில் தேர்வு வண்டி நின்றுகொண்டிருந்தது. பயிற்சியாளர் ஏற்கனவே ஏறி உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். விடிகாலையிலிருந்து அதை ஓட்டிய மூத்த ஓட்டுநர் இறங்கி, சாவியை அவள் கையில் வைத்துவிட்டு, டீக்கடைப் பக்கம் நடந்தார்.

"அண்ணே, நில்லுங்க."

"என்னம்மா?"

"பிரேக் எப்படி இருக்கு? கதவெல்லாம் சரியா மூடுதா? எதைத் தொடக் கூடாது?"

"ஏம்மா, வண்டியை எடுக்கப் போறியா, அதுக்கு வைத்தியம் பாக்கப் போறியா?"

"சொல்லிட்டுப் போங்கண்ணே."

அவர் எரிச்சலாகத் திரும்பி வந்தார். "பிரேக் நல்லாயிருக்கு. கண்ணாடி நல்லாயிருக்கு. பின்கதவு மட்டும் சிக்கும். மூடிட்டேன்னு விளக்கு எரியும், ஆனா மூடியிருக்காது. ரெண்டாவது தடவை அமுக்கணும்."

"இதைச் சொல்லாமயா போகப் பாத்தீங்க!"

"நீ கேக்கலையே."

கேட்டால்தான் சொல்வார்களாம். நெற்றியில் அடித்துக்கொள்ளக்கூட நேரமில்லை. ஏறி உட்கார்ந்து, பின்கதவின் பொத்தானை இரண்டு தடவை அமுக்கினாள்.

"போகலாமா?" என்றார் பயிற்சியாளர்.

"பின்கதவு ரெண்டாவது தடவை அமுக்கினாத்தான் மூடும். அமுக்கியாச்சு," என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, வண்டியைக் கிளப்பினாள் டிரைவரம்மா.